கல்கேனன்: கை சுருங்கிய வாரத்துக்கு ஓர் ஐரிஷ் சாப்பாடு

அயர்லாந்தில் யாரிடமாவது உருளைக்கிழங்கை எப்படி வேகவைப்பது என்று கேட்டுப் பாருங்கள். மழையைப் பற்றிப் பேசுவதைக்கூட நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அதையே பேசுவார்கள். டப்ளினுக்குப் படிக்க வந்த முதல் குளிர்காலத்தில் அறை வாடகை போக மிஞ்சிய காசில் வாரத்தை ஓட்ட வேண்டியிருந்தபோது, வீட்டுக்கார அம்மாவிடம் நான் அப்படித்தான் வாயைக் கொடுத்தேன். அவர் பதில் சொல்லவில்லை, அடுப்படிக்குக் கூட்டிப்போய்ச் செய்தே காட்டினார். அதுதான் கல்கேனன்.

மசித்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வெங்காயத்தாள், பால், வெண்ணெய், உப்பு, மிளகு. சரக்கு இவ்வளவுதான். ஐரிஷ் மொழியில் 'வெள்ளைத் தலை முட்டைக்கோஸ்' என்ற பொருளில் வந்த பெயர். பெயரில் 'கல்' இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், பல்லில் எதுவும் கடிபடாது. வருஷத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் கடிபடும். அந்த நாள் கதை பின்னால் வருகிறது.

நாலு பேர் வயிறு நிறையச் சாப்பிட நான்கைந்து யூரோ போதும். ஆனால் எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். கிழங்கில், கோஸில், பாலில் எல்லாம் மிச்சம் பிடிக்கலாம். வெண்ணெயில் மட்டும் கை வைக்காதீர்கள். இன்னொன்று, இந்தச் சமையலுக்கு எதிரி தண்ணீர். கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே கிழங்குக்குள்ளும் கோஸுக்குள்ளும் இருக்கும் தண்ணீரை விரட்டும் வேலைதான்.

முதலில் கிழங்கு

சூப்பர் மார்க்கெட்டில் கிழங்கு அடுக்கின் முன்னால் நின்றால் புதிதாக வந்தவருக்குத் தலை சுற்றும். நம் ஊரில் பெரும்பாலும் 'உருளைக்கிழங்கு ஒரு கிலோ' என்று கேட்போம், முடிந்தது. இங்கே ரகத்தின் பெயர் சொல்லி வாங்குகிறார்கள். அதில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடியது ரூஸ்டர். சிவப்புத் தோல், இளமஞ்சள் சதை, ஆழமில்லாத கண்கள். கார்லோ மாவட்டத்தில் ஓக் பார்க் என்ற இடத்திலுள்ள அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம் இது. எந்தக் கடையிலும் கிடைக்கும், பெரும்பாலும் விலையும் கட்டுப்படியாகும்.

கொஞ்சம் பழகிய பிறகு கெர்ஸ் பிங்க், கோல்டன் வொண்டர் என்று போகலாம். இவை இன்னும் மாவுத்தன்மை கூடியவை. வெந்ததும் தோல் வெடித்து உள்ளே வெள்ளை மாவு தெரியும். அப்படி வெடித்த கிழங்கைக் 'கிழங்கு சிரிக்கிறது' என்று சொல்லும் வழக்கம் இங்கே உண்டு. நன்றாக வெந்த கிழங்கைப் பார்த்தால் 'மாவு உருண்டை மாதிரி இருக்கிறது' என்பார்கள். அதற்கு மேல் ஒரு பாராட்டு அவர்களிடம் கிடையாது. கோடையில் போனால் குவீன்ஸ் என்ற புதுக் கிழங்கு வந்திருக்கும். அது வரும் நாளை எதிர்பார்த்துக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், நம் ஊரில் முதல் மாம்பழத்துக்குக் காத்திருப்பது போல.

வாங்கக் கூடாதது குட்டிக் கிழங்கு, சாலட் கிழங்கு என்று அழகான பையில் வருபவை. விலையும் அதிகம், வெந்தாலும் மெழுகு மாதிரி வழவழவென்றே இருக்கும், மசியாது. அடுத்த அறிவுரை, கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பதைவிட மண் ஒட்டிய கிழங்குப் பையை எடுங்கள். மண்ணோடு இருப்பது அதிக நாள் தாங்கும். பெரிய பையாக வாங்கினால் கிலோ விலை நன்றாக இறங்கும். ஆனால் தனியாள் பத்துக் கிலோவை வாங்கிக் கட்டிலுக்கடியில் போட்டால், மூன்றாம் வாரம் முளைவிட்டு உங்களையே பார்க்கும். அறையைப் பகிர்ந்திருப்பவர்களோடு பங்கு போட்டு வாங்குவது புத்திசாலித்தனம். வெளிச்சம் படாத, குளிர்ச்சியான இடத்தில் காகிதப் பையில் வையுங்கள். வெங்காயத்தோடு சேர்த்து வைக்க வேண்டாம். பச்சை படர்ந்த பகுதி இருந்தால் தாராளமாக வெட்டி எறியுங்கள். கிழங்கே பச்சையாகிப் போயிருந்தால் மொத்தமாகக் குப்பைக்கு.

கோஸா, கேல் கீரையா?

இரண்டும் சரிதான். 'கேல் போட்டால்தான் கல்கேனன், கோஸ் போட்டால் அது வேறு' என்று சண்டைக்கு வரும் ஆட்கள் உண்டு, அவர்களை விட்டுவிடுங்கள். வில்லியம் பல்க்லி என்ற வேல்ஸ்காரர் டப்ளினில் சாப்பிட்டதை 1735 அக்டோபர் 31 அன்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதில் முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, கூடவே பார்ஸ்னிப் கிழங்கு, எல்லாம் கலந்தது என்று இருக்கிறது. முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஆளுக்கொரு பாகம்தான்.

என் விருப்பம் குளிர்காலத்தில் சுருள் கேல். இலை சுருக்கம் சுருக்கமாக இருக்கும் சவாய் கோஸ் கிடைத்தால் அது. வசந்த காலத்தில் யார்க் கோஸ் என்ற கூம்பு வடிவக் கோஸ். நம் ஊர் வெள்ளைக் கோஸ் மாதிரி இறுகிய உருண்டையும் ஆகும், ஆனால் தட்டில் பச்சை தெரியாது, ருசியும் கொஞ்சம் மொண்ணை. கோஸ் வாங்கினால் கரும்பச்சை வெளி இலைகளை உரித்து எறிந்துவிடாதீர்கள். நிறமும் மணமும் அதில்தான். கடை மூடும் நேரத்துக்குப் போனால் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டிய கேல் பை கிடைக்கும். லேசாக வாடியிருந்தாலும் இந்தச் சமையலுக்குக் குறையில்லை. டப்ளின் நடுவில் இருப்பவர்கள் மூர் தெருவுக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். தலைமுறை தலைமுறையாகத் தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் பெண்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். பேரத்தைவிட அவர்கள் வாய்ப்பேச்சு சுவை.

வெண்ணெய்

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஐரிஷ் வெண்ணெய் சாதாரணமாக உப்புப் போட்டதாகவே வரும், 454 கிராம் கட்டியாக, அதாவது அந்தக் காலத்து ஒரு பவுண்டு. கடையின் சொந்தப் பெயரில் வரும் கட்டி போதும், விளம்பரத்தில் வரும் பெயர்தான் வேண்டும் என்றில்லை. ஆனால் வெண்ணெயாக இருக்க வேண்டும். டப்பாவில் அடைத்து வரும், ரொட்டியில் தடவும் தாவர எண்ணெய்க் கலவை வேண்டவே வேண்டாம். இரண்டு யூரோ மிச்சமாகும், சாப்பாடு போய்விடும்.

ஏழைச் சமையலில் இவ்வளவு வெண்ணெய் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் ஆரம்பத்தில் புரியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நாட்டுச் சனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் உருளைக்கிழங்கை நம்பியே பிழைத்தார்கள். லம்பர் என்றொரு ரகம். மோசமான நிலத்திலும் அள்ளிக் கொடுக்கும், ஆனால் நீர்ச் சதை, ருசி கம்மி. அதற்குத் தொட்டுக்கொள்ள மோர். மாடு வைத்திருந்த சிறு குடியானவர் வீட்டிலும் கடைந்த வெண்ணெய் வீட்டில் தங்காது. அதை விற்றுத்தான் நிலத்துக்குக் குத்தகை கட்ட வேண்டும். கார்க் நகரத்து வெண்ணெய்ச் சந்தை வழியாகக் கப்பல் ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. 1845இல் கருகல் நோய் வந்து கிழங்கு நிலத்திலேயே அழுகியது. அடுத்த ஏழு வருஷத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னும் பத்து லட்சத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போனார்கள். அந்தப் பஞ்சத்திலும் வெண்ணெய் ஏற்றுமதி நிற்கவில்லை. இது தெரிந்த பிறகு, மசித்த கிழங்கின் நடுவில் குழி பறித்து வெண்ணெயை ஊற்றும் பழக்கத்தை என்னால் வெறும் அலங்காரமாகப் பார்க்க முடியவில்லை. விசேஷ நாளில் மட்டும் வீட்டிலேயே தங்கிய வெண்ணெய் அது.

அடுப்பில்

நாலு பேருக்குக் கணக்கு: கிழங்கு ஒரு கிலோ. கோஸ் அல்லது கேல் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட, சின்னக் கோஸில் பாதி. வெங்காயத்தாள் ஒரு கட்டில் ஐந்தாறு தண்டு. பால் 150 மில்லி. வெண்ணெய் 100 கிராம், பாதி உள்ளே, பாதி மேலே. ஒருவர் மட்டும் என்றாலும் இரண்டு பேருக்குச் செய்யுங்கள், மிச்சம் மறுநாள் காலைக்கு வேண்டும்.

கிழங்குகளைத் தோலோடு கழுவிக்கொள்ளுங்கள். உரிக்கவும் வேண்டாம், துண்டு போடவும் வேண்டாம். உரித்து நறுக்கினால் வெட்டிய முகமெல்லாம் தண்ணீர் குடிக்கும். ஒரே அளவுள்ள கிழங்காகப் பொறுக்கினால் ஒன்றாக வேகும். பச்சைத் தண்ணீரில் போட்டு, ஒரு பெரிய ஸ்பூன் உப்பு சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் குழைந்து நடுவில் விறைப்பாகவே நிற்கும்.

குக்கரைத் தொடாதீர்கள். ஊரிலிருந்து சுமந்து வந்த குக்கர் மேடையில் இருக்கும்போது கை அதற்குத்தான் போகும். மூன்று விசிலில் வெந்துவிடும், உண்மை. ஆனால் கிழங்கு நீர் கோத்துச் சொதசொதவென்று வரும். மசாலா கிழங்குக்கு அது பரவாயில்லை, இதற்கு ஆகாது.

கொதி வந்ததும் தீயைக் குறைத்து, லேசாகத் தளதளக்கும்படி விடுங்கள். பதினைந்து நிமிஷம் கழித்து வீட்டுக்கார அம்மா ஒரு வேலை செய்தார். பானையிலிருந்த தண்ணீரில் முக்கால்வாசியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, மூடி போட்டு, மிச்சத்தை ஆவியிலேயே வேகவிட்டார். கெர்ஸ் பிங்க் மாதிரி மாவுக் கிழங்கு தண்ணீரிலேயே கடைசிவரை கிடந்தால் கரைந்து கஞ்சியாகிவிடும், அதற்காக. ரூஸ்டருக்கும் இது நல்லதுதான். மொத்தம் இருபத்தைந்து முப்பது நிமிஷம் ஆகும். சின்னக் கத்தியால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும்.

மீதித் தண்ணீரையும் சுத்தமாக வடித்துவிடுங்கள். இப்போது செய்யப்போவதுதான் எல்லாரும் விட்டுவிடும் காரியம். வடித்த பானையைக் கிழங்கோடு மறுபடி மிகச் சிறிய தீயில் வைத்து, மூடிக்குப் பதில் சுத்தமான துணி ஒன்றை நாலாக மடித்துக் கிழங்கின் மேல் போர்த்துங்கள். ஓரம் தொங்கி அடுப்பில் பற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷம். ஆவி துணியில் ஏறிவிடும், கிழங்கு காய்ந்துவிடும். துணியைத் தூக்கிப் பார்த்தால் தோல் அங்கங்கே விரிந்து, விளிம்பில் பொடி பூத்தது போல இருக்கும். கிழங்கு சிரித்துவிட்டது.

அந்த ஐந்து நிமிஷத்தில் இன்னொரு சின்னப் பாத்திரத்தில் பாலை ஊற்றி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளை, பச்சையும் வெள்ளையுமாக, அதில் போட்டுச் சூடாக்குங்கள். பொங்க வேண்டாம், ஓரத்தில் குமிழ் வந்தால் போதும். வெங்காயத்தாளின் காரம் அடங்கி மணம் பாலில் இறங்கும். பாலைக் குளிர்ச்சியாக ஊற்றினால் கிழங்கு ஆறிப்போய் கட்டி தட்டும், ஆகவே சூடாகத்தான் ஊற்ற வேண்டும்.

கோஸைக் கிழங்கு வெந்துகொண்டிருக்கும்போதே முடித்துவிடலாம். நடுத் தண்டை எடுத்துவிட்டு நூலாக நறுக்குங்கள். கேல் என்றால் நடு நரம்பைக் கையாலேயே உருவிவிடலாம். அகலமான சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு உப்புத் தண்ணீர் கொதிக்க வைத்து, இலையைப் போட்டு, மூடாமல் வேகவிடுங்கள். கோஸுக்கு நாலைந்து நிமிஷம், கேலுக்கு ஆறேழு. அதற்கு மேல் போனால் கந்தக வாடை கிளம்பும். மாணவர் விடுதியில் பொதுச் சமையலறை என்றால் மறுநாள் காலை வரை உங்கள் பெயர் சொல்லும். வடிதட்டில் கொட்டி, கரண்டியின் முதுகால் அழுத்து அழுத்தென்று அழுத்துங்கள். சொட்டுவது நிற்கும்வரை. பிழிந்த கோஸை அதே சட்டியில் ஒரு சின்னத் துண்டு வெண்ணெயோடு ஒரு நிமிஷம் புரட்டினால் மிச்ச ஈரமும் போய்விடும்.

இனி கிழங்கை உரிக்க வேண்டும், அதுவும் சூட்டோடு. ஒரு முட்கரண்டியில் குத்திப் பிடித்துக்கொண்டு கத்தி நுனியால் இழுத்தால் தோல் சட்டை மாதிரி கழன்று வரும். வீட்டுக்கார அம்மா முட்கரண்டி எல்லாம் எடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே உரித்துவிட்டார்.

மசிப்பதற்கு மாஷர் இருந்தால் போதும். பழைய காலத்தில் மூன்று கால் இரும்புப் பானையில் போட்டு, பீட்டில் என்று ஒரு மரத்தடியால் நின்றுகொண்டே இடிப்பார்கள். நம் கீரை மத்தின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது கீரை மத்து இருந்தால் அதுவே மாஷரைவிட நன்றாக வேலை செய்யும். மிக்சி, பிளெண்டர் பக்கம் மட்டும் போகாதீர்கள். நான் போனேன். நேரம் மிச்சம் என்று கை பிளெண்டரை விட்டு ஓட்டியதில், இருபது வினாடியில் கிழங்கு பசையாகி, கரண்டியைத் தூக்கினால் பானையும் கூடவே எழுந்தது. சுவரில் சுவரொட்டி ஒட்டலாம், சாப்பிட முடியாது. கத்தி கிழங்கின் செல்லைக் கிழித்து உள்ளிருக்கும் மாவுச்சத்தை எல்லாம் வெளியே விட்டுவிடுகிறது, அதனால் வரும் வினை. மத்து செல்களைப் பிரிக்குமே தவிர அவ்வளவாகக் கிழிக்காது.

முதலில் கிழங்கை மட்டும் கட்டியில்லாமல் மசியுங்கள். பிறகு வெண்ணெயில் பாதி. அது உருகி உள்ளே போன பிறகு சூடான பாலை வெங்காயத்தாளோடு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மரக்கரண்டியால் அடித்துக் கலக்குங்கள். 150 மில்லியும் தேவைப்படாமல் போகலாம், காய்ந்த கிழங்கு கூடவும் கேட்கலாம். கரண்டியில் எடுத்தால் மேகம் மாதிரி நிற்க வேண்டும், வழியக் கூடாது. கடைசியில் கோஸைச் சேர்த்து நாலு புரட்டு. மிளகைத் தாராளமாகப் போடுங்கள். உப்பைப் பார்த்துப் போடுங்கள், வெண்ணெயிலேயே உப்பு இருக்கிறது.

இந்த இடத்தில் நம் கை சும்மா இருக்காது. கடுகு, கறிவேப்பிலை, பச்சைமிளகாய் என்று தாளிக்கத் துடிக்கும். தாளித்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குப் பெயர் பொடிமாஸ். ஒரு தடவையாவது இதை இதன் போக்கில் சாப்பிட்டுப் பாருங்கள்.

சாப்பிடும் முறை

சூடான தட்டில் மலையாகக் குவித்து, உச்சியில் கரண்டியால் ஒரு குழி. மிச்ச வெண்ணெயை அதில் போட்டால் தானே உருகி மஞ்சள் குளமாக நிற்கும். குழியை உடைக்கக் கூடாது. வெளி ஓரத்திலிருந்து ஒரு வாய் எடுத்து, குளத்தில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். கரை மெலிந்துகொண்டே வரும், குளம் கடைசிவரை நிற்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் இதைப் பந்தயமாகவே செய்வார்கள்.

சைவர்களுக்கு இதில் ஒரு தடையும் இல்லை. முட்டைகூட இல்லை. காரணம் உண்டு. கல்கேனன் அதிகமும் சமைக்கப்பட்டது அக்டோபர் 31, ஹாலோவீன் இரவில். மறுநாள் எல்லாப் புனிதர்கள் திருநாள் என்பதால் அந்த முந்தின நாள் அந்தக் காலத்தில் கத்தோலிக்கர்களுக்கு இறைச்சி ஒதுக்கும் நோன்பு நாளாக இருந்தது. அந்த இரவில்தான் பெயரிலிருக்கும் 'கல்' பல்லில் கடிபடும். மோதிரம், காசு, பொத்தான், தையல் விரலுறை இவற்றைக் கல்கேனனுக்குள் புதைத்து வைத்துப் பரிமாறுவார்கள். மோதிரம் யார் வாயில் அகப்படுகிறதோ அவருக்குக் கல்யாணம் வரும். காசு என்றால் பணம். பொத்தான் கிடைத்த ஆண் பிரம்மச்சாரியாகவே இருப்பான், விரலுறை கிடைத்த பெண்ணுக்குக் கல்யாணமில்லை. நீங்கள் செய்து பார்ப்பதானால் காசைக் காகிதத்தில் சுற்றி வையுங்கள், சாப்பிடுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள். பல் வைத்தியர் கட்டணம் இந்தக் கட்டுரையின் பட்ஜெட்டுக்குள் வராது.

இறைச்சி சாப்பிடுகிறவர்கள் பேக்கன் என்ற உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டுகளை முறுகப் பொரித்து மேலே தூவுவார்கள். தொத்திறைச்சியும் பொருத்தம். பேக்கன் வேகவைத்த தண்ணீர் இருந்தால் கோஸை அதிலேயே வேகவைப்பதும் உண்டு, அப்போது உப்பே போடக் கூடாது. வடக்கே அல்ஸ்டர் பக்கம் போனால் கோஸைத் தள்ளிவிட்டு வெங்காயத்தாளை மட்டும் அள்ளிப் போட்டு அதைச் சாம்ப் என்பார்கள். கையில் கோஸ் இல்லாத நாளில் அதையே செய்துகொள்ளலாம்.

மறுநாள் காலை

மிஞ்சியதை ஆறியவுடன் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால் இரவுச் சாப்பாட்டைவிடக் காலையில் இதுதான் ருசி. குளிர்ந்து இறுகியதைக் கையளவு எடுத்து, விரல் தடிமனுக்கு வடையாகத் தட்டி, இரண்டு பக்கமும் கொஞ்சம் மைதா தொட்டுக்கொள்ளுங்கள். தவாவில் வெண்ணெய், கருகாமலிருக்கக் கூடவே ஒரு ஸ்பூன் எண்ணெய். நடுத்தரத் தீ. போட்ட பிறகு நாலைந்து நிமிஷம் அசைக்காதீர்கள். புரட்டிப் பார்க்கும் அவசரத்தில்தான் எல்லா வடையும் உடைகிறது. அடியில் பொன்னிறப் பொருக்குப் பிடித்ததும் தானே தவாவை விட்டு நகரும், அப்போது தட்டையான கரண்டியை ஒரே தள்ளாக உள்ளே விட்டுத் திருப்புங்கள்.

மேலே ஒரு ஆஃப் பாயில். மஞ்சள் கரு உடைந்து பொருக்கின் மேல் ஓட வேண்டும். தவாவில் ஒட்டி நிற்கும் கோஸ் நுனிகள் கருத்து மொறுமொறுவென்றிருக்கும். அதைச் சுரண்டித் தின்னும் உரிமை சமைத்தவருக்கு மட்டும், பங்கு கேட்டு வருகிறவர்களைத் தட்டோடு அனுப்பிவிடுங்கள்.